மலையை அளக்கும் ஒளி

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு அப்பால், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் போனக்காடு என்னும் சிற்றூர் இருக்கிறது. தேயிலைத் தொழிலுக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. தோட்டம் நலிவுற்றபின், பல இடங்களில் தேயிலை கவாத்தின்றிப் புதர் மண்டிவிட்டது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் காடும் தோட்டமும் ஒரே பசுமையாகத் தோன்றும். இவற்றுள் பழங்காடு எது, தேயிலை எது, இரண்டுக்கும் கீழே நிலம் எவ்வாறு சரிந்து செல்கிறது? இத்தகைய வினாக்களுக்கு விடை தரும் 'லிடார்' என்னும் முறையைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

விமானத்தில் பொருத்திய கருவி, நொடிக்குப் பல இலட்சம் லேசர்த் துடிப்புகளைக் கீழ்நோக்கிச் செலுத்துகிறது. அவை எதிர்ப்பட்ட பொருளில் பட்டுத் திரும்புகின்றன. ஒளி நொடிக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வந்த நேரத்தை இவ்வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைத்துவிடும். விமானம் 900 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒளி தரையைத் தொட்டுத் திரும்ப, நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஆறு கூறே ஆகும். அத்துணைச் சிறு பொழுதையும் கருவி பிழையின்றிக் கணக்கிடுகிறது.

காட்டின்மேல் விழும் துடிப்பில் ஒரு பகுதி மரத்தின் உச்சியிலிருந்தே திரும்பிவிடும். எஞ்சியது இலைகளின் இடைவெளியில் நுழைந்து, கிளையையும் புதரையும் தொட்டு, இறுதியில் மண்ணை எட்டும். முதலில் திரும்பிய ஒளிக்கும் கடைசியில் திரும்பிய ஒளிக்கும் உள்ள வேறுபாடே மரத்தின் உயரம். கொழுந்து பறிக்கும் தேயிலை இடுப்பளவு நிற்கும். கவாத்தின்றி விட்டால் மரமாக வளரும். ஆகவே, கைவிடப்பட்ட தோட்டத்தைப் பிரித்தறிய உயரமும் ஒரு சான்றாகிறது. உலகக் காடுகளின் உயரத்தை இவ்வாறே அளக்க, 2018 டிசம்பரில் 'ஜெடி' என்னும் கருவி பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது.

இதனினும் அரிய பயன் ஒன்றுண்டு. மரங்களிலிருந்து திரும்பிய புள்ளிகளைக் கணிப்பொறியால் நீக்கிவிட்டால், காட்டுக்கு அடியிலுள்ள வெறும் நிலம் படமாகத் தெரியும். ஓடைத் தடங்களும், முன்னொரு காலத்தில் மண் சரிந்த தழும்புகளும் அதில் புலப்படும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்னுமிடத்தில் 2014 மார்ச் 22 அன்று மலை சரிந்து 43 பேர் மாண்டனர். அந்தப் பள்ளத்தாக்கில் பழைய சரிவுகளின் தழும்புகள் முன்னரே எடுத்த லிடார் படங்களில் பதிவாகியிருந்தன. ஆயினும், குடியிருப்புகள் அங்கேயே இருந்தன.

நம்மவர்க்கு இச்செய்தி அயலானதன்று. 2020 ஆகஸ்டு 6 இரவில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள்மீது மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மலைத் தோட்டங்களில் லயம் எங்கே அமைய வேண்டும் என்பதை அதில் குடியிருப்பவர் முடிவு செய்வதில்லை. ஆகையால், நிலத்தின் இயல்பை அளந்தறியும் பொறுப்பு இடத்தைத் தேர்ந்தவர்களையும் அரசையுமே சாரும்.

நம் நாட்டிலும் இம்முறை கையாளப்படுகிறது. வனப்பகுதிகளில் நீரும் தீவனமும் பெருகச் செய்யும் நோக்குடன், 26 மாநிலங்களில் லிடார் அளவைக்கு 2020-இல் மத்திய அரசு ஏற்பாடு செய்தது.

லிடார் ஆரூடம் சொல்லும் கருவியன்று. எந்நாளில் மலை சரியும் என்று அது கூறாது. அடர்ந்த மேகத்தையும் அதன் ஒளி ஊடுருவாது. மழைக்காலத்தில் புதிய ஊற்று எங்கே பீறிடுகிறது, எந்தச் சுவரில் விரிசல் கண்டது என்பதை லயத்தில் வாழும் முதியவரே அறிவார். அவருடைய அறிவும் லேசர் வரைந்த படமும் ஒன்றுகூட வேண்டும். அந்தப் படம் அலுவலகப் பேழையோடு நின்றுவிடாமல், மலையடியில் உறங்குவோர்க்கு அவர்கள் மொழியிலேயே விளக்கப்பட வேண்டும். அதுவும் மழை தொடங்குவதற்கு முன்பே.