சூதுபவளம் சொல்லும் பாடம்



கீழடியில் கிடைத்த சூதுபவள மணிகளைப் பற்றி வகுப்பில் பேசுகிறோம். "இந்தக் கல்லை எப்படி மணியாக்கினார்கள்?" என்று ஒரு மாணவர் கேட்டால், குஜராத்தின் காம்பத் நகரைச் சொல்லுங்கள். அங்கே இத்தொழில் இன்றும் நடக்கிறது.

நர்மதைக்கு அருகே ரத்தன்பூரில் தோண்டிய அகேட் கற்களை வெயிலில் உலர்த்தி, மண்பானையில் இட்டு, வறட்டித் தீயில் சுடுவது வழக்கம். கல்லிலுள்ள இரும்பு மாற்றமடைய, மங்கிய நிறம் சிவப்பாகிறது, அதுவே சூதுபவளம். பிறகு இரும்பு முளையின் கூரில் கல்லை அணைத்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டிச் சில்லுகளைப் பெயர்க்கிறார்கள். சாணை பிடித்து, வைரமுனையால் துளையிடுகிறார்கள்.

சாணையில் பறப்பது சிலிக்காத் தூசி. அதைச் சுவாசித்த தொழிலாளர் பலரைச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் தாக்கியிருக்கிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர்கள் நம் மேற்பார்வையில் கூழாங்கற்களைச் சேகரிக்கட்டும். அகழாய்வு மேடுகளில் மட்டும் எதையும் எடுக்க வேண்டாம். இரும்பு ஆணியால் கீறிப் பார்க்கட்டும். அகேட்டிலும் ஜாஸ்பரிலும் கீறல் விழாது. வெளிச்சத்தில் பிடித்தால் அகேட்டின் மெல்லிய விளிம்பில் ஒளி கசியும், ஜாஸ்பரில் கசியாது. ஆனால் கல்லை அறுக்கவோ உலர்வாகத் தேய்க்கவோ விடாதீர்கள். மெருகேற்றினால் எப்படி இருக்கும் என்று காண, நீரில் நனைத்தாலே போதும்.

மணியின் அழகைக் காட்டும்போது, அதைத் தேய்த்தவரின் மூச்சையும் பற்றிச் சொல்வோம்.