எல்லாருக்கும் 110/70 எப்படி வரும்?

பேசக் கூப்பிட்டவங்க, "உங்க பதவி என்னன்னு முதல்ல சொல்லிடுங்க மேடம், நிறையப் பேருக்குத் தெரியாது"ன்னாங்க. நியாயம்தான். மாவட்ட தாய் சேய் நல அலுவலர்னு ஒருத்தர் இருக்கறது பெரிய ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்களுக்கே தெரியறதில்ல.

தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறையில நர்ஸுக்கு ஒரு ஏணி உண்டு. கீழ்ப்படி கிராம சுகாதார செவிலியர், ஊர்ல நர்சம்மான்னு கூப்பிடறாங்களே, அவங்க. சமவெளியில ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைன்னா 3,000 பேருக்கு ஒண்ணு. அதுக்கு மேல பகுதி சுகாதார செவிலியர், அடுத்து வட்டார அளவுல சமுதாய சுகாதார செவிலியர், அதுக்கும் மேல மாவட்டத்துல நான். 1986ல கீழ்ப்படியில ஏறி, 2024ல மேல்படியில இருந்து இறங்கினேன். என்னோட பயிற்சி முடிச்சவங்கள்ல நிறையப் பேர் ரெண்டாவது படியிலேயே ஓய்வு பெற்றுட்டாங்க. திறமை இல்லாம இல்ல. மேல போகப் போக நாற்காலி குறைவு, அவ்வளவுதான்.

என் வேலையைக் காகிதத்துல 'மேற்பார்வை'ன்னு எழுதியிருக்கும். அது எப்படிப்பட்ட வேலைன்னு ஒரு விஷயத்தை வெச்சுச் சொல்றேன்.

ஒரு துணை நிலையத்துக்குப் போனா, கர்ப்பிணிப் பதிவேட்டை எடுத்து ரத்த அழுத்தம் எழுதற கட்டத்தை மட்டும் மேல இருந்து கீழ படிப்பேன். 110/70, 110/70, 120/80, 110/70. ஹீமோகுளோபின் கட்டத்துல வரிசையா 10.5, 10.6, 10.5. இருபது பொம்பளைங்களுக்கு ஒரே ரத்தம், ஒரே அழுத்தம்னா அங்க யாரும் கருவியைக் கையில எடுக்கலன்னு அர்த்தம். நிஜமா பார்த்திருந்தா 96/60 இருக்கும், எங்கயாவது 142/92 இருக்கும், ஒரு 7.8 இருக்கும்.

உடனே சோம்பேறின்னு திட்டறது சுலபம். அந்தம்மாகிட்ட அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினா வேற கதை வரும். கருவியோட பட்டையில காத்து நிக்காது. மாத்திக் கேட்டு எழுதின கடிதத்தோட நகல் பீரோவுல இருக்கும். பகல்ல வீடு வீடாப் போய்ட்டு வந்து, பதிவேட்டுல எழுதினதையே ராத்திரி சாப்பிட்டப்புறம் பிக்மியில ஏத்தணும். இதெல்லாத்தையும் விடப் பெருசு மாதாந்திர ஆய்வுக் கூட்டம். 7.8னு எழுதினவங்களை எழுப்பி, "என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க, 180 மாத்திரை குடுத்தீங்களா இல்லையா?"ன்னு நூறு பேர் முன்னாடி கேட்பாங்க. 10.5னு எழுதினவங்க டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் யாரு உண்மையை எழுதுவாங்க?

நான் மாவட்டப் பொறுப்புக்கு வந்ததும் கூட்டத்தோட முதல் கேள்வியை மாத்தினேன். "இந்த மாசம் 7க்குக் கீழ யாரைக் கண்டுபிடிச்சீங்க, எங்க அனுப்பினீங்க? 140/90க்கு மேல யாரு?" கண்டுபிடிச்சவங்கதான் முதல்ல எழுந்து பேசணும், பேசினவங்களுக்கு எல்லாரும் கை தட்டணும். ரத்த அழுத்தக் கருவியைக் கூட்டத்துக்கே கொண்டு வரச் சொல்லி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணொண்ணாச் சோதிச்சோம். எத்தனை கருவி தேறலன்னு பார்த்துட்டு, பக்கத்துல உட்கார்ந்திருந்த டாக்டர் அப்புறம் பேசவே இல்ல.

சில மாசத்துல எங்க மாவட்டத்து ரத்தசோகைக் கணக்கு ஏறிடுச்சு. எதிர்பார்த்ததுதான். மேல இருந்து போன்: "பக்கத்து மாவட்டமெல்லாம் நல்லா இருக்கு, உங்களுக்கு மட்டும் என்னாச்சு?" நேர்ல போய், "ரத்தசோகை ஏறல சார், எண்றது ஏறியிருக்கு. யார் யாருக்கு இரும்புச்சத்து ஊசி போட்டோம்னு பட்டியல் இந்தா இருக்கு"ன்னு சொன்னேன். நிக்க வெச்சுத்தான் கேட்டாங்க. பரவாயில்ல, கேட்டாங்க.

தாய் இறப்பு ஆய்வுக்கும் இதுதான். நம்ம மாநிலத்துல 90கள்லயே தொடங்கின நடைமுறை. பிரசவத்துல ஒரு தாய் இறந்தா, அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசி, எங்க எங்க தாமதமாச்சுன்னு பார்க்கணும். வீட்டுல முடிவெடுக்கறதுலயா, வண்டி கிடைக்கறதுலயா, ஆஸ்பத்திரிக்குள்ளயா. அப்புறம் கலெக்டர் முன்னாடி கூட்டம், இறந்தவங்க குடும்பமும் வரும். யாரையும் தண்டிக்கற கூட்டமில்லன்னு விதி சொல்லுது. நடைமுறையில, பேச்சு சுத்திச் சுத்திக் கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கற நர்சம்மாகிட்டதான் வந்து நிக்கும்.

ஒரு கூட்டம் ஞாபகம் இருக்கு. ரெண்டாவது பிரசவம், அதிக ரத்தப்போக்கு, ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொண்ணுக்குப் போற வழியிலயே உயிர் போயிடுச்சு. "கிராம நர்ஸ் முன்னாடியே கவனிச்சிருக்கணும்"னு ஒருத்தர் ஆரம்பிச்சார். நான் பதிவேட்டைத் திறந்து மேஜை மேல வெச்சேன். ஏழாம் மாசம் 7.4, தேதியோட. ஊசிக்கு அனுப்பின குறிப்பு. வரலன்னதும் மூணு தடவை வீட்டுக்குப் போனது. மாமியார் சொன்ன பதில்கூட எழுதியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் பேச்சு, முதல் ஆஸ்பத்திரியில ரத்தம் ஏன் இல்லைங்கற கேள்விக்குப் போச்சு. போக வேண்டிய இடமும் அதுதான். அடுத்த மாசத்துல இருந்து, போற இடத்துல ரத்தம் இருக்கான்னு போன்ல கேட்காம யாரையும் வண்டியில ஏத்தக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு வந்துச்சு. அந்தத் தாயோட வீட்டுக்காரர் கூட்டம் முடியற வரைக்கும் ஒரு வார்த்தையும் பேசல.

மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு 2001-03ல 134. 2018-20ல 54. அப்போ இந்தியச் சராசரி 97. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், அங்க ஷிப்ட் மாத்தி நிக்கற மூணு ஸ்டாஃப் நர்ஸ், 108 வண்டி, முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவின்னு பல காரணம் சொல்லுவாங்க, எல்லாம் சரிதான். பதிவேட்டுல நிஜ எண்ணை எழுதின கைகளை மட்டும் யாரும் சொல்றதில்ல. திட்டம் போடற கூட்டத்துல அந்தக் கைகளுக்கு நாற்காலியும் கிடையாது. எனக்கே சுவரோரம்தான் போடுவாங்க.

கேள்வி அனுப்பினவங்கள்ல ஒரு நர்சிங் மாணவி, "கள ஆய்வுக்கு முன்கூட்டிச் சொல்லிட்டுப் போவீங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. இல்லம்மா. சொல்லிட்டுப் போனா மேஜை மேல புதுத் துணி விரிச்சிருக்கும், இளநி வெட்டி வெச்சிருப்பாங்க. சொல்லாம போனா நிலையம் பூட்டியிருக்கும், நர்சம்மா எந்தத் தெருவுல இருக்காங்கன்னு பக்கத்துக் கடையில சொல்லுவாங்க. நானும் அந்தத் தெருவுக்கே போயிடுவேன்.