கேலனும் லிட்டரும்

பெட்ரோலை நாம் லிட்டர் கணக்கில் வாங்குகிறோம். இருமல் மருந்துப் போத்தலில் மில்லிலிட்டர் என்றே அச்சிட்டிருக்கிறது. மலேசியாவில் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்த நிறுவை, அளவைச் சட்டம் 1972-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் கேலனும் அவுன்சும் நம் வாயை விட்டுப் போகவில்லை. "பிள்ளைக்கு நாலு அவுன்ஸ் பால் கரைத்துக் கொடு" என்கிறார் பாட்டி. "நாலு கேலன் டின்" என்கிறார் தாத்தா. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. பழைய அளவை வாயில் வைத்துக்கொண்டு புதிய அளவுக் கோப்பையைக் கையில் எடுக்கும்போதுதான் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேலன் எங்கிருந்து வந்தது? பத்து ராத்தல் எடையுள்ள தண்ணீர் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அதுவே ஒரு கேலன் என்று 1824-இல் பிரிட்டனில் சட்டம் செய்தார்கள். அதை நான்காகப் பிரித்தால் குவார்ட், எட்டாகப் பிரித்தால் பைண்டு, நூற்று அறுபதாகப் பிரித்தால் அவுன்ஸ். மலாயாவை ஆண்ட காலத்தில் ஆங்கிலேயர்கள் இங்கிருந்த அளவுகளையும் இதோடு பொருத்திவிட்டார்கள். கந்தாங் ஒரு கேலனாயிற்று. சுப்பாக் ஒரு குவார்ட் ஆயிற்று. அரிசி அளந்த கந்தாங்கை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

லிட்டரின் கணக்கு இன்னும் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 2.2 ராத்தல். பத்து ராத்தலை 2.2-ஆல் வகுத்துப் பாருங்கள். நாலரைக்குச் சற்று மேலே வரும். ஆகவே ஒரு கேலன் என்பது நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. சரியாகச் சொன்னால் 4.546 லிட்டர். எண் மறந்து போனாலும் இந்த வழி மறக்காது. பள்ளியில் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் வழியைத்தான் காட்டுகிறோம். எண்ணை மனப்பாடம் செய்வது பிறகு.

பெரிய அளவுகளுக்கு இன்னொரு கைக்கணக்கு உண்டு. 11 கேலன் 50 லிட்டர். அதை நாலால் பெருக்கினால் 44 கேலன், 200 லிட்டர். நம் லயத்து வாசலில் மழைத் தண்ணீர் பிடிக்க வைத்திருக்கும் இரும்பு டிரம்மை 44 கேலன் டிரம் என்றும், 200 லிட்டர் டிரம் என்றும் சொல்வது இதனால்தான். சிறிய அளவில் ஒரு பைண்டு 568 மில்லிலிட்டர், ஒரு அவுன்ஸ் 28.4 மில்லிலிட்டர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கேலன் வேறு. அது 3.785 லிட்டர்தான். நம்முடைய பழைய நாலு கேலன் 18 லிட்டருக்குச் சற்று மேல். அமெரிக்க நாலு கேலன் 15 லிட்டரைத்தான் தாண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளின் மேல் கேலன் என்று கண்டால், பக்கத்தில் லிட்டர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த லிட்டரையே நம்புங்கள்.

இனி, களைக்கு மருந்தடிக்கும் வேலைக்கு வருவோம். நம் பெண்கள் பல ஆண்டுகளாகச் செய்து வந்த வேலை இது. "கேலனுக்கு ஒரு அவுன்ஸ்" என்று பழைய நோட்டில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூற்று அறுபதில் ஒரு பங்கு. லிட்டரில் சொன்னால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6.25 மில்லிலிட்டர். முதுகில் சுமக்கும் பம்பு 16 லிட்டர் பிடிக்கும் என்றால் 6.25-ஐப் பதினாறால் பெருக்க வேண்டும். சரியாக 100 மில்லிலிட்டர்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? "பம்பு நாலு கேலன்தானே, நாலு அவுன்ஸ் ஊற்று. அவுன்ஸ் என்றால் முப்பது மில்லி" என்று 120 மில்லிலிட்டரை ஊற்றிவிடுகிறோம். 16 லிட்டர் என்பது நாலு கேலனுக்குக் குறைவு. முப்பது என்பது ஒரு அவுன்சுக்குக் கூடுதல். தண்ணீர்ப் பக்கம் குறைத்தும் மருந்துப் பக்கம் கூட்டியும் ஆகிவிட்டது. இரண்டும் சேர்ந்து, ஐந்து பங்கு ஊற்ற வேண்டிய இடத்தில் ஆறு பங்கு விழுகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பம்பு அடித்தால் 200 மில்லிலிட்டர் மருந்து வீண். காசு போவது ஒருபுறம் இருக்கட்டும். கலக்குகிறவர் கையில் தெறிப்பதும், சுமக்கிறவர் முதுகில் ஒழுகுவதும் வீரியம் கூடிய நீர் அல்லவா? மிஞ்சியது மண்ணிலும் ஓடையிலும் போய்ச் சேர்கிறது.

ஆகையால் ஒரே கலவையில் இரண்டு முறைகளைச் சேர்க்காதீர்கள். தண்ணீர் லிட்டரில் என்றால் மருந்தும் மில்லிலிட்டரில் இருக்கட்டும். பழைய நோட்டு பழைய மருந்துக்கு உரியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பாராகுவாட் 2020 சனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு எழுதிய அளவைப் பார்த்து வேறொரு மருந்தைக் கலக்குவது எந்த ஊர் நியாயம்? புதிய மருந்துக்குப் புதிய சீட்டு அதன் போத்தலிலேயே ஒட்டியிருக்கிறது. எழுத்துச் சிறியதாக இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். மருந்து அளந்த கோப்பை மட்டும் சமையற்கட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

குழந்தையின் பால் போத்தலில் அவுன்சும் மில்லிலிட்டரும் இரண்டு பக்கமும் போட்டிருக்கும். அங்கே நாலு அவுன்சுக்கு நேராக 120 என்று கண்டு, சற்று முன்பு 30 என்பது தவறென்றீர்களே என்று கேட்பீர்கள். அளவு எளிதாக இருக்க அவர்கள் முப்பதாக வைத்துக்கொண்டார்கள். பால் மாவு டின்னில் இத்தனை மில்லிலிட்டர் தண்ணீருக்கு இத்தனை கரண்டி என்றுதான் போட்டிருக்கும். மில்லிலிட்டர் பக்கத்தைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றினால் போதும். அவுன்ஸ் தேவையே இல்லை. காய்ச்சல் மருந்துக்கும் அப்படியே. ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை; மருந்தோடு வரும் சின்னக் கோப்பையைத் தூக்கி எறியாதீர்கள்.

கடைசியாக, பால்மரக் கணக்கு. ரப்பர்ப் பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். பழைய கருவி, ஒரு கேலன் பாலில் எத்தனை ராத்தல் காய்ந்த ரப்பர் இருக்கிறது என்று காட்டும். புதியது, ஒரு லிட்டரில் எத்தனை கிராம் என்று காட்டும். ஒரு ராத்தலுக்கு நேராக ஏறத்தாழ 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே தோராயத்தால் பெரிய நட்டம் வராது. பாலில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துப் பார்ப்பதால், காட்டும் எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும்.

சிறு தோட்டக்காரர் ஒருவர் இரண்டு கேலன் பால் கொண்டு போகிறார். பழைய கருவி ஒன்று என்று காட்டுகிறது. மூன்றால் பெருக்கினால் கேலனுக்கு மூன்று ராத்தல். இரண்டு கேலனுக்கு ஆறு ராத்தல். அதையே லிட்டரில் பாருங்கள். இரண்டு கேலன் 9.09 லிட்டர். புதிய கருவி 100 என்று காட்டும். மூன்றால் பெருக்கினால் 300 கிராம். 9.09-ஐ 300-ஆல் பெருக்கினால் 2,727 கிராம். ஆறு ராத்தலும் ஏறக்குறைய அதே 2.7 கிலோதான். மழை விழுந்த பால் என்றால் லிட்டர் கூடும், மெட்ரோலாக் எண் இறங்கும். காய்ந்த ரப்பர் கூடாது. ஆகவே பாலை விற்றுவிட்டு வரும்போது எத்தனை லிட்டர், கருவி காட்டியது எத்தனை என்ற இரண்டையும் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பெருக்கிப் பார்க்க வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.