அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்?

இந்த வாரம் ஒரு பேர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அழகையா. இங்கிலாந்துக்காரங்க வாயில அது 'அலகையா'. அவங்களுக்கு 'ழ' வராது, விடுங்க. ஆனால் ஏறக்குறைய 20 வருஷம், சாயங்காலம் ஆறு மணிக்கு பிபிசி செய்தி பார்த்த வீடுகளுக்கெல்லாம் ஜார்ஜ் அழகையா தெரிந்த முகம்.

1955-ல் கொழும்பில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தமிழர்களுக்கு அங்கே சூழல் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. 1961-ல் குடும்பம் ஆப்பிரிக்காவுக்கு, கானாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா தண்ணீர் விநியோகப் பொறியாளர். பிறகு இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பள்ளி, டர்ஹாம் பல்கலைக்கழகம், 'சவுத்' பத்திரிகை, 1989-ல் பிபிசி. இதெல்லாம் தேடினா கிடைக்கும், அதனால வேகமாத் தாண்டிடறேன். நான் பேச வந்தது சோமாலியாவில் அவர் பார்த்த ஒரு சிரிப்பைப் பத்தி.

1991 கடைசிக்கும் 1992 டிசம்பருக்கும் இடைப்பட்ட காலம். அரசு கவிழ்ந்து, உள்நாட்டுப் போர், கூடவே பஞ்சம். குஃப்கடூட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பசியில் ஒடுங்கிப்போன மனிதர்கள். கேமராவோடு போகிற நிருபர் அங்கே எதைத் தேடுவார்? மனசைக் கலங்கடிக்கிற ஒரு காட்சியை. நேற்று அதிரவைத்த காட்சி இன்றைக்குப் போதாது, இன்னும் கொடுமையானது வேணும். இந்த அசிங்கத்தை வேற யாரோ அவர் மேல் சுமத்தவில்லை. 2001-ல் வெளிவந்த 'எ பேசேஜ் டு ஆப்பிரிக்கா' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அப்படித் தேடிக்கொண்டு போகும்போதுதான், ஒரு ஆள் அவரைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கணம்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை, வரவேற்பும் இல்லை. மொழிபெயர்ப்பாளரை விட்டு, ஏன் சிரித்தீர்கள் என்று கேட்க வைத்தார். வந்த பதில்: இந்த நிலைமையில் நீங்கள் என்னைப் பார்க்கிறீர்களே என்ற கூச்சம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாப்பாடு இல்லை, எல்லாம் போச்சு. அப்பவும் அந்த மனுஷன், வீடு ஒழுங்கா இல்லாத நேரத்துல விருந்தாளி வந்துட்டா நாம சிரிப்போமே, அப்படிச் சிரிச்சிருக்கார். அதுவரைக்கும் இவர் பார்ப்பவர், அவர் பார்க்கப்படுகிறவர். அந்த ஒரு சிரிப்பில் அது தலைகீழாகிவிட்டது. கூச்சப்பட வேண்டியது யார் என்ற கேள்வி இவரிடம் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் இவர் கேட்கவில்லை, அந்த ஆளின் பெயரை. அந்த வருத்தத்தையும் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்த இடம் இதுதான். இந்தப் பகுதியை இன்று இங்கிலாந்துத் தேர்வு வாரியம் ஒன்று பாடமாகவே வைத்திருக்கிறது.

அப்புறம் ருவாண்டா, ஜோஹன்னஸ்பர்க், மண்டேலா பேட்டி. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை. அங்கே அழிந்துபோனவற்றில் அவருடைய பாட்டி வீடும் ஒன்று. இடிபாடுகளுக்குள் சின்ன வயதில் விளையாடிய கிணற்றின் ஒரு துண்டை அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறை செய்தி சேகரிக்கப் போனவருக்கே அது சொந்த இடம்.

2014-ல் குடல் புற்றுநோய், நான்காம் கட்டம். வயது 58. ஸ்காட்லாந்தில் 50 வயதிலேயே பரிசோதனைக்கு அழைப்பு வரும். இங்கிலாந்தில் அப்போது 60. இவர் இங்கிலாந்தில் இருந்தார். அங்கே இருந்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்குமே என்று வெளிப்படையாகப் பேசி, வயது வரம்பைக் குறைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார். சிகிச்சைக்குப் போவார், திரும்பி வந்து செய்தி வாசிப்பார், மறுபடியும் போவார்.

நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம், 2020-ல் அவரே ஒரு பாட்காஸ்ட் நடத்தினார், 'பவல் கேன்சர் யூகே' அமைப்புக்காக. அதே நோயோடு வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற நிகழ்ச்சி. நேரம் கிடைச்சா ஒரு எபிசோடு கேளுங்க.

2022 அக்டோபரில் கடைசியாகத் திரையில் வந்தார். 2023 ஜூலை 24-ல் இறந்தபோது வயது 67. அந்தச் செய்தியை வாசித்தவர்கள் அவர் கூட வேலை பார்த்தவர்கள்.