காலையில் சேர்க்கை, மாலையில் வீடு: கண்புரை அறுவைச் சிகிச்சையும் அதற்கான ஆயத்தமும்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் பல நாட்கள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். தலை புரண்டுவிடாதபடி இருபுறமும் மணல் மூட்டைகளை வைப்பார்கள். இருமலும் தும்மலும்கூட அஞ்சத்தக்கவையாக இருந்தன. வெட்டுவாய் பெரிது, அதைப் பிணைக்கத் தக்க நுண்ணிய தையலும் அப்போது கிடையாது. இன்று அதே நோய்க்கு அறுவைக்குட்படும் முதியவர் காலையில் மருத்துவமனைக்கு வந்து, பிற்பகலில் தம் காலாலேயே நடந்து வெளியேறுகிறார். ஒருநாள் அறுவைச் சிகிச்சை என்னும் முறை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் நடைபெறுவது இந்த ஒரு நோய்க்குத்தான் எனலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் 60 லட்சத்துக்கும் அதிகமான கண்புரை அறுவைகள் செய்யப்படுகின்றன.

மத்திய அரசு 1976ஆம் ஆண்டில் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006-07ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு சதவீதமாக இருந்த பார்வையிழப்பு, 2015-19ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் 0.36 சதவீதமாகக் குறைந்தது. இவ்விரு எண்களையும் ஒப்பிடும் மாணவர்கள் ஒன்றை நினைவிற்கொள்வது நல்லது. பார்வையிழப்பு என்பதற்கான அளவுகோலே 2017இல் மாற்றப்பட்டது. 6/60 என்றிருந்த எல்லை 3/60 ஆயிற்று. ஆகவே குறைவு உண்மையானதே என்றாலும், அதன் முழு அளவும் சிகிச்சையால் விளைந்ததன்று. பிந்திய கணக்கெடுப்பில் ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ 66 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம் என்றும் தெரியவந்தது. ஒரு பகல் பொழுதில் நீக்கத்தக்க குறை இன்னும் முதலிடத்தில் நிற்கிறது.

நோயாளியை அன்றே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் புதியதன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்னும் மருத்துவர் ஏறத்தாழ ஒன்பதாயிரம் குழந்தைகளுக்கு இம்முறையில் அறுவைச் சிகிச்சை செய்து, அதன் விளைவுகளை 1909இல் வெளியிட்டார். தாயின் கையிலுள்ள குழந்தை வார்டில் கிடக்கும் குழந்தையைவிடத் தாழ்வாகத் தேறவில்லை என்பது அவர் கண்ட உண்மை. அதற்குள் ஒரு நிபந்தனையும் அடங்கியிருக்கிறது. ஒருநாள் அறுவையில் மருத்துவமனையின் பணி குறைந்துவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி வீட்டுக்கு மாற்றப்படுகிறது. செவிலியர் செய்துவந்ததை மகளோ மருமகளோ பேரனோ செய்ய நேர்கிறது. அவர்களைப் பழக்காமல் நோயாளியை மட்டும் அனுப்பிவைப்பது பாதிச் சிகிச்சையே ஆகும்.

கண்புரையில் இம்மாறுதல் சாத்தியமானதற்கு வெட்டுவாய் சுருங்கியதே முதற்காரணம். 1949இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1967இல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன் கேளா ஒலி அதிர்வினால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையைக் கண்டார். அதில் வெட்டுவாய் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் நாட்டு மருத்துவமனைகளில் பெரிதும் கையாளப்படும் மற்றொரு முறையில் அது ஆறேழு மில்லிமீட்டர் இருக்கும். ஆயினும் சாய்வான சுரங்கம்போல் அமைக்கப்படுவதால் தானே மூடிக்கொள்கிறது. தையல் பெரும்பாலும் வேண்டியதில்லை.

இனி, ஆயத்தம். புரை நன்றாக முற்றிய பின்னரே அறுவை செய்ய வேண்டும், வெயில் காலத்தில் செய்யலாகாது என்னும் இரு நம்பிக்கைகள் சிற்றூர்களில் இன்றும் வலுவாக உள்ளன. முந்தைய முறையில் முதலாவதற்குப் பொருள் இருந்தது. இன்றோ முற்றவிட்ட புரை மருத்துவருக்கும் கடினம், நோயாளிக்கும் கேடு. சில வேளைகளில் அது கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி, மீட்க முடியாத பார்வையிழப்பில் கொண்டுவிடும். பருவகாலத்தைப் பொறுத்தவரை, வட மாநிலங்களில் குளிர்காலத்தில் நெரிசலும் கோடையில் வெற்றுக் கட்டில்களும் காணப்படுவதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். அறுவடைக் கூலியை இழக்க மனமில்லாமல் நாளைத் தள்ளிப்போடுவோரும் உண்டு; அது நம்பிக்கை அன்று, கணக்கு.

அறுவைக்கு முன்பே சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, கண்ணை அளந்து வில்லையின் திறனைக் கணிக்கிறார்கள். கண்ணீர்ப் பாதையில் சீழ் உண்டா என்றும் சோதிப்பது நம் மருத்துவமனைகளில் வழக்கம். அந்நாளில் நோயாளி தாம் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் உறைகளோடு கொண்டுவருதல் மிகவும் பயன் தரும். கண்ணுக்குத் தொடர்பில்லை என்று கருதி முதியவர்கள் சொல்லாமல் விடும் மருந்து ஒன்று உண்டு: சிறுநீர் தடையின்றிக் கழிய, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின். அது கண்மணியைச் சூழ்ந்த கருவிழித் திரையைத் தளர்த்திவிடுவதால், அறுவையின் நடுவே அத்திரை மடங்கித் தொல்லை தரும். முன்னதாக அறிந்த மருத்துவர் அதற்கேற்ற ஏற்பாட்டுடன் இருப்பார். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இருமல், காய்ச்சல், கண் சிவப்பு, உடலில் எங்கேனும் சீழ்க்கட்டி இருப்பின் மறைக்காமல் கூற வேண்டும். இவற்றால் நாள் தள்ளிப்போகலாம். வெகுதொலைவிலிருந்து பேருந்துச் செலவு செய்து வந்தவர் அந்த அச்சத்தினாலேயே மறைக்கிறார் என்பதை நிர்வாகத்தினர் உணர்ந்தால், அக்கேள்விகளை அவர் ஊரிலேயே, புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

உணவைப் பற்றிய அறிவுரையில்தான் குழப்பம் மிகுதி. முழு மயக்கம் தரப்படும் அறுவைகளுக்கு, திட உணவையும் பாலையும் ஆறு மணி நேரத்துக்கு முன்னரும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்னரும் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. மயக்கத்தில் இரைப்பையின் பொருள் மேலெழுந்து நுரையீரலுக்குள் புகாதிருக்கவே இக்கட்டுப்பாடு. கண்புரையில் பெரும்பாலும் கண்ணை மட்டுமே மரக்கச் செய்வதால், பல மருத்துவமனைகள் இலகுவான உணவை அனுமதிக்கின்றன. எவ்வாறாயினும் “விரதமாக வாருங்கள்” என்று சொல்வது நம் நாட்டில் போதாது. விரதம் என்றால் பாலும் பழமும் உண்ணலாம் என்பதே பலர் வீட்டு வழக்கம். அவ்வாறே ஒரு குவளைப் பாலைப் பருகிவிட்டு, வெறும் வயிற்றோடு வந்திருப்பதாக மனமார நம்பும் மூதாட்டி பொய் சொல்லவில்லை. பால் கலந்த தேநீரும் பால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதற்கு நேர்மாறாக, தண்ணீரையும் விலக்கும் கடும் விரதத்தைப் பழகியவர் முந்தைய இரவிலிருந்தே நா வறண்டு தளர்ந்து வருவார். நீரிழிவுக்காரர் உணவை விட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் சர்க்கரை சரிந்து மயங்கி விழ நேரும். ஆதலால் எதை, எத்தனை மணிக்குப் பின் உண்ணக் கூடாது, எந்த மாத்திரையை ஒரு வாய் நீரோடு விழுங்கலாம் என்று பெயர் சொல்லியே கூற வேண்டும்.

அன்று காலை தலை முழுகி, முகம் கழுவி வருவது நலம். அதன்பின் சில நாட்களுக்குத் தலையில் நீர் ஊற்ற இயலாது. மையோ சுர்மாவோ தீட்டியிருத்தல் ஆகாது. நகைகளை வீட்டிலேயே விட்டுவருவது எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவமனையில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைப் பலமுறை விடுவார்கள். அறுவைக்குரிய கண்ணின் புருவத்துக்கு மேல் அடையாளமும் இடுவார்கள். பெயரையும், எந்தக் கண் என்பதையும் வெவ்வேறு பணியாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது கவனக்குறைவினால் அன்று. ஆள் மாறாமலும் கண் மாறாமலும் காக்கும் முறை அது. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைப்பவருக்கு அதனைப் படித்துச் சொல்லிய பிறகே கைநாட்டுப் பெறுதல் வேண்டும். ஓரிடத்தில் அது நடக்கிறதா என்று பார்க்க விரும்பும் அதிகாரி, வெளியே வரும் நோயாளியிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டாலே போதும்.

அறுவை அறையில் அச்சம் தருவது கத்தி அன்று, முகத்தின்மீது விரிக்கப்படும் துணியே. மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். ஆனால் காற்று வருவதற்கு வழி இருக்கும். ஊசியோ சொட்டு மருந்தோ கண்ணை மரக்கச் செய்தபின் வலி தெரியாது. ஒளியும், நீர் வழிவதும், கருவியின் ஓசையும் தெரியும். இருமல் வந்தால் தலையை அசைக்காமல் முதலில் வாயால் சொல்ல வேண்டும். சிக்கலில்லாத புரை இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பின்னர்க் கட்டு, ஒரு தேநீர், சிறிது ஓய்வு. அன்றைய நாளின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிகிறது என்பதை உடன் வருபவருக்கு முன்கூட்டியே கூறிவிட்டால் வீண் கவலை குறையும்.

ஒருநாள் அறுவை என்பதால் எல்லோரையும் அன்றே அனுப்பிவிட வேண்டும் என்பதில்லை. மறுநாள் காலையில் கண்ணைப் பார்த்தாக வேண்டும். இரண்டு பேருந்து மாறி வருபவரை மாலையில் அனுப்பி, விடியலில் திரும்பி வரச் சொல்வது முறையன்று. அவரை ஓரிரவு தங்கவைப்பதே சிக்கனம். நகர்வாசிக்கு உரிய விதியைச் சிற்றூர்வாசிக்கும் அப்படியே பொருத்துவதில் நம் அலுவலகங்கள் காட்டும் ஆர்வம் சில வேளைகளில் வியப்பளிக்கிறது. காப்பீட்டிலும் இவ்வாறே நேர்ந்தது. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் என்பது பொது நிபந்தனையாக இருந்து, பகல்நேரச் சிகிச்சைகள் அதற்கு விலக்காகச் சேர்க்கப்பட்டன. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்திலும் கண்புரை அறுவை இடம்பெற்றுள்ளது.

வேகத்தைச் சாதனையாகக் கருதுவதன் ஆபத்துக்குக் கண்ணுக்கு வெளியே ஒரு சான்று உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அங்கும் அதையடுத்த முகாம்களிலும் அறுவைக்குட்பட்டவர்களில் 13 பேருக்குக் குறையாமல் இறந்தனர். அவர்களும் அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களே. 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு பணித்தது. கண்புரைக்கும் முகாம்களில் சோதனை மட்டும், அறுவை நிலையான மருத்துவமனையில் என்ற நடைமுறை வேரூன்றியதற்கு, கூடாரங்களிலும் பள்ளிக் கட்டடங்களிலும் ஏற்பட்ட கண் தொற்றுக்களே பாடமாயின.

வீட்டில், சொட்டு மருந்து நான்கிலிருந்து ஆறு வாரம் வரை படிப்படியாகக் குறைத்து விடப்படும். கண்ணைக் கசக்குதல், குளத்தில் முழுகுதல், விறகடுப்பின் புகை, மாட்டுத் தொழுவத்தின் தூசி ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. தானே சமைத்தாக வேண்டிய மூதாட்டிக்கு இவ்வறிவுரை ஏட்டளவிலேயே நிற்கும். அடுப்பங்கரையில் அவருக்கு மாற்று யார் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு அறிந்திருக்க வேண்டும். வலி கூடுதல், சிவப்பு மிகுதல், தெளிந்த பார்வை மீண்டும் மங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் குறித்த நாள்வரை காத்திராமல் அன்றே திரும்பி வர வேண்டும். தொற்று ஏற்படின் முதல் வாரத்திலேயே பெரும்பாலும் வெளிப்படும். மணிக்கணக்கில் கண் பறிபோகும்.

இவ்வளவையும் தாங்கிய சீட்டு ஒன்று கையில் தரப்படுகிறது. பல இடங்களில் அது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், ஒரு கண் கட்டப்பட்டவரின் கையில் தரப்படுகிறது. அதனை நோயாளியின் மொழியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தொலைபேசி எண்ணை மேலே இட்டு, உடன் வந்தவரிடம் படித்துக் காட்டி, அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லக் கேட்டபின் வண்டியில் ஏற்றிவிடுவதற்கு ஐந்து நிமிடங்கள் ஆகும்.