மாடு எங்கே என்று கேட்கப் போனேன்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் வசூல் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் ஒரே ஒரு கடனைப் பத்திப் பேசிட்டு உட்கார்ந்துடுறேன்.

ஆறு மாசத்துக்கு முன்னால ஒரு குழுவோட நோட்டுகளைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். தீர்மான நோட்டில் ‘கறவை மாடு வாங்க ரூ.25,000’ என்று எழுதியிருந்தது. கடன் வாங்கின காரியம் நடந்திருக்கான்னு பார்ப்பது என் வேலை. வீட்டுக்குப் போனேன். கொட்டகை இருந்துச்சு, மாடு இல்லை. அந்தத் தங்கச்சி என்னை உள்ளே கூட்டிட்டுப் போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து முன்னால வெச்சா. உள்ளே பூராவும் ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, ரசீது. “அக்கா, மாடு இதுதான்” என்றாள்.

பேரும் ஊரும் சொல்லாம இதைப் பேசலாம்னு அவளே சொன்னதால பேசுறேன்.

அவளுக்கு 27 வயசு. கல்யாணமாகி அஞ்சு வருஷம். மாதவிலக்கு சில சமயம் 45 நாள், சில சமயம் 70 நாள் கழிச்சுத்தான் வரும். நாலாவது வருஷம் கரு தங்குச்சு. பத்தாவது வாரத்தில் கலைஞ்சு போச்சு. அன்னைக்கு ரெண்டு குடம் தண்ணி தூக்கினியே, அதனாலதான் என்று மாமியார் சொன்னாங்க. பப்பாளி சாப்பிட்டான்னு நாத்தனார் சொன்னாங்க. அவளும் அதை நம்பிட்டா. அதுக்கப்புறம் அடுத்த தெரு வளைகாப்புக்குக்கூட அவளை யாரும் கூப்பிடல.

சகோதரிகளே, முதல் மூணு மாசத்தில் கலையுற கருக்களில் பாதிக்கு மேல, கரு உண்டாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கை தப்பிப் போனதால கலையுறதுதான். குரோமோசோம் என்பது அப்பா பாதி, அம்மா பாதி தருகிற விதைக் குறிப்பு மாதிரி. அதில் தப்பு வந்தால் கரு வளராது. குடம் தூக்கினதாலயோ, பஸ்ஸில் போனதாலயோ அது வர்றதில்லை. இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா, ஒரு வருஷம் அவ ராத்திரி தூங்கியிருப்பா.

ரெண்டாவது விஷயம், அவளுக்கு இருந்த ‘நீர்க்கட்டி’. கர்ப்பப்பையில் கட்டின்னு நாம சொல்றோம். அது கர்ப்பப்பையில் இல்லை, பக்கத்தில் இருக்கிற சினைப்பையில். அறுத்து எடுக்கிற கட்டியும் இல்லை. மாசாமாசம் முதிர்ந்து வெளியே வர வேண்டிய முட்டை, பாதி வளர்ச்சியிலேயே நின்னுடுது. அதுங்கதான் ஸ்கேனில் சின்னச் சின்ன மணி மாதிரி தெரியுது. விலக்கு தள்ளிப்போறது, தாடையில் முடி, முகப்பரு, கழுத்தில் கருமை, எடை கூடுறது எல்லாம் இதோட சேர்ந்து வரலாம். ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கு என்றால் இந்த ஹாலில் எத்தனை பேருன்னு நீங்களே எண்ணிக்குங்க. இது இருந்தால் கரு கலையுற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆனா இது இருந்தும் குழந்தை பெத்தவங்க ஏராளம்.

அந்த 25,000 ரூபாய் என்னாச்சு? ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு மாசம் ஊசியும் ஸ்கேனுமாப் போச்சு. அவ்வளவு செலவிலும் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னு யாரும் சொல்லல. குழந்தை தாமதமாகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் குறை இருக்கும். விந்துப் பரிசோதனை வலி இல்லாதது, அதிகச் செலவும் இல்லை. முதலில் செய்ய வேண்டியதே அதுதான்.

பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா. அங்கே டாக்டரம்மா லெட்ரோசோல் என்கிற மாத்திரை எழுதினாங்க. மருந்துக் கடைப் பையன், “இது கேன்சர் மாத்திரையாச்சே” என்றான். பயந்துபோய் குப்பைக்குழியில் போட்டுட்டா. அது மார்புப் புற்றுநோய்க்கும் கொடுக்கிற மாத்திரை என்பது நிஜம்தான். ஆனா நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு முட்டை வெளிவர முதலில் கொடுக்க வேண்டியது அதுதான்னு 2018-ல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டியே சொல்லியிருக்கு. விலக்கு ஆரம்பத்தில் அஞ்சு நாள் மட்டும் சாப்பிடுறது. டாக்டர் சொல்லாம கடையில் வாங்கித் தின்னக்கூடாது, சந்தேகம் வந்தா குழியிலும் போடக்கூடாது. சீட்டை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டயே போய்க் கேளுங்க.

கரு கலைஞ்சா எத்தனை மாசம் பொறுக்கணும்னு எல்லாரும் கேட்கிறீங்க. 2005-ல் உலக சுகாதார நிறுவனக் கூட்டத்தில் ஆறு மாசம் என்றார்கள். அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளில், சீக்கிரம் கரு தங்கினவங்களுக்குக் கெடுதல் ஒண்ணும் தெரியல. ரத்தப்போக்கு நின்னு, ஒரு விலக்கு வந்து, உடம்பில் ரத்தம் இருந்து, மனசும் தயாரா இருந்தா போதும். மனசு தயார்தானான்னு அவளைத்தான் கேட்கணும், மாமியாரை இல்லை. முயற்சி ஆரம்பிக்கும்போதே நர்ஸம்மாகிட்ட ஃபோலிக் ஆசிட் மாத்திரை கேளுங்க. கரு தங்கின பிறகு தொடங்குறது தாமதம். விலக்கு ஒழுங்கில்லாதவங்களுக்கு 14-ஆம் நாள் கணக்கு செல்லாது. ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை சேர்ந்து இருந்தால் போதும். (சிரிக்காதீங்க, நோட்டில் எழுதிக்குங்க.)

எடை கூடுதலா இருந்தா, நூற்றுக்கு அஞ்சு பங்கு குறைஞ்சாலே பலருக்கு விலக்கு ஒழுங்காகுது. இவ 68 கிலோ. தினமும் விடியக்காலை அரை மணி நேரம் நடந்தா, ராத்திரி சோத்தைப் பாதியாக்கி, பயறும் கீரையும் முட்டையும் கூட்டினா. இப்போ 64. சர்க்கரை, தைராய்டும் பார்த்தாச்சு. கரு தங்கின பிறகும் சர்க்கரைப் பரிசோதனை முக்கியம், நீர்க்கட்டிக்காரங்களுக்கு கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வரும். 2007-லேயே நம்ம தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பரிசோதனை கட்டாயமாச்சு.

இன்னொண்ணு சொல்லணும். “என்ன, ஏதும் விசேஷமா?” என்று நாம கேட்கிறோமே. குழுக் கூட்டத்தில் அதே கேள்வியை நானும் அவகிட்ட கேட்டிருக்கேன், கரு கலைஞ்சு மூணாவது வாரம். தெரியாமத்தான் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு அவ வரல, நானும் ‘வருகையின்மை’ன்னு அபராதம் போட்டேன்.

அந்தக் குழுவில் போன மாசம் தீர்மானத்தைத் திருத்தி எழுதியாச்சு. ‘கறவை மாடு’ என்பதை அடிச்சுட்டு ‘குழந்தைப்பேறு மருத்துவச் செலவு’ன்னு எழுதி, அவளே கையெழுத்துப் போட்டா. வட்டி மத்தவங்களுக்கு உள்ளதுதான். தவணையை மட்டும் பத்து மாசத்திலிருந்து இருபது மாசமாக்கினோம். அபராதத்தையும் திருப்பிக் கொடுத்தாச்சு.

இன்னும் கரு நிக்கல. ஆனா மூணு தடவையா விலக்கு 35, 36 நாளில் வருது. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. இந்தத் தடவை வீட்டுக்காரரும் டாக்டர் ரூமுக்குள்ளே வர்றேன்னு சொல்லியிருக்கார்.