தாய்க்கொடி அறிந்து நடுக



பழக்கடைகளில் மாதுளைக்கும் கொய்யாவுக்கும் நடுவே இந்நாளில் ஒரு புதிய பழம் வீற்றிருக்கக் காண்கிறோம். இளஞ்சிவப்பான தோல், தோலின்மேல் தீக்கொழுந்துபோல் விரிந்த பசிய செதில்கள், அறுத்துப் பார்த்தால், சதையெங்கும் எள்ளைத் தூவினாற்போன்ற கரிய விதைகள். இதனை டிராகன் பழம் என்கிறோம். வியட்நாம் மக்கள் 'தான் லோங்' என்பர். பச்சை டிராகன் என்பது அச்சொல்லின் பொருள். 2021-ஆம் ஆண்டில் குஜராத் அரசு, இது தாமரையை ஒத்திருப்பது கருதிக் 'கமலம்' என்று பெயர் சூட்டியது. பெயர் எதுவாயினும் ஆகுக. இச்செடியை வளர்ப்பதும் பெருக்குவதும் எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இச்செடி கள்ளி இனத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இதனை வியட்நாமுக்குக் கொண்டுவந்தனர். நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும், இரவில் மலர்ந்து விடியுமுன் வாடும் நிஷாகந்தியும் இதற்கு உறவு முறையே. அவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம்மிடையே குடியேறியவைதாம். ஆதலின் இப்பழத்தை முற்றிலும் அந்நியமென்று கருத வேண்டுவதில்லை.

தண்ணீர் குறைந்த நிலத்தார் இதனை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. பெரும்பாலான பயிர்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்கின்றன. அவ்வாறு திறக்கும்போது செடியின் ஈரம் வெயிலில் ஆவியாகிப் போகிறது. கள்ளியோ பகலில் கதவடைத்து, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இரவில் ஏற்ற வாயுவைச் சேமித்து வைத்து, மறுநாள் கதிரொளியில் உணவு சமைக்கிறது. இச்சிக்கனத்தால், வாழையும் கரும்பும் தாங்காத வறட்சியை இச்செடி தாங்குகிறது.

ஆயினும், சிறிது நீரில் வாழும் என்பதைக் கொண்டு, சிறிது முதலில் வளரும் என்று எண்ணிவிடலாகாது. இது தானே நிமிர்ந்து நிற்கும் மரமன்று. பற்றி ஏறும் கொடி. தரைக்குமேல் ஐந்தடி உயரம் நிற்குமாறு கற்றூணோ சிமெண்டுத் தூணோ நாட்ட வேண்டும். தூணின் உச்சியில் ஒரு வளையம் பொருத்த வேண்டும். பழைய வண்டிச் சக்கரத்தின் டயரும் இதற்கு உதவும். பத்தடிக்குப் பத்தடி இடைவெளி விட்டால், 43,560 சதுர அடி கொண்ட ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 435 தூண்கள் நிற்கும். தூணுக்கு நான்கு கொடி எனில், 1,740 கொடிகள். தூணும் கொடியும் வாங்க ஒரு குடியானவன் கடன் பட்டே தீர வேண்டும். அவ்வளவும் செலவிட்டு இரண்டு ஆண்டுகள் காத்திருந்தபின், பூ மட்டும் பூத்துக் காய் நில்லாது உதிருமாயின் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்?

இது வெறுங் கற்பனையன்று. இச்செடியின் இயல்பிலேயே அவ்வபாயம் உள்ளது. இதில் பல வகைகள் உண்டு. சிவந்த தோலும் வெண்சதையும் உடைய வகை பொதுவாகத் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். தோலும் சதையும் சிவந்த வகைகளுள் பல, தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. வேறு வகையின் மகரந்தம் வந்து சேர்ந்தாலன்றிக் காய் பிடியா. இன்னும் சில, காய்த்தாலும் சிறுத்தே காய்க்கும். ஒரே தாயிலிருந்து வெட்டிய 1,740 கொடிகளை ஒரு தோட்டம் முழுதும் நட்டவன், எண்ணிக்கையில் பல செடிகளை வைத்திருப்பினும், இயற்கையின் கணக்கில் ஒரே செடியைத்தான் வைத்திருக்கிறான். அச்செடி தன் மகரந்தத்தை ஏற்காத வகையாயின், பக்கத்துக் கொடியின் பூவும் அதற்கு உதவாது.

இக்கருத்தைச் சற்று ஊன்றி நோக்குவோம். விதையிலிருந்து முளைக்கும் செடி, தாயும் தந்தையும் கலந்த புதிய உயிர். அது தாயைப்போல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. காய்ப்பதற்கும் பல ஆண்டுகள் ஆகும். தண்டை வெட்டி நடுவதோ அப்படியன்று. கரும்புக் கரணையும் முருங்கைப் போத்தும் தாயையே மறுபடி தருவதைப்போல, டிராகன் கொடியின் துண்டும் தன் தாயையே மறுபடி தரும். தாயின் இனிப்பும் வரும். தாயின் மலட்டுத்தன்மையும் வரும். தாயின் நோயும் உடன் வரும். தண்டில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கி அழுகச் செய்யும் பூசண நோய் ஒன்று பல நாடுகளில் இப்பயிரை வருத்துகிறது. கள்ளிகளைத் தாக்கும் வைரஸ் நோயும் உண்டு. நோயுற்ற கொடியின் துண்டுகள் இவற்றை ஊர்விட்டு ஊர் சுமந்து செல்கின்றன. ஆதலால், இன்று நான் சொல்ல வந்தவற்றையெல்லாம் ஒரு வாக்கியத்தில் அடக்குவதாயின், 'தாய்க்கொடி அறிந்து நடுக' என்பேன்.

தாய்க்கொடியை அறிவது எங்ஙனம்? விற்பவரின் சொல்லையும் வண்ணப் படத்தையும் நம்பாது, காய்த்து நிற்கும் தோட்டத்துக்கு நேரில் செல்க. பழத்தை அறுத்துச் சுவைத்துப் பார்க்க. இவ்வகை தானே காய்க்கிறதா, துணை வகை வேண்டுமா என்று கேட்டறிக. தண்டுகளில் புள்ளியோ அழுகலோ இல்லாமை காண்க. அதன்பின், ஓராண்டேனும் முதிர்ந்த, கரும்பச்சை நிறமுள்ள, திண்மையான தண்டைத் தேர்ந்தெடுக்க.

வெட்டும் கத்தி தூயதாக இருத்தல் வேண்டும். ஒரு கொடியிலிருந்து மற்றொரு கொடிக்குப் போகுமுன் அதனைத் துடைத்துத் தூய்மை செய்தல் நலம். துண்டின் நீளம் ஓரடி போதும். அடிப்புறம் எது, நுனிப்புறம் எது என்பது வெட்டிக் குவித்தபின் தெரியாது; எனவே அடிப்புறத்தைச் சாய்வாகவும் நுனிப்புறத்தை நேராகவும் வெட்டுவது நல்ல வழக்கம். வெட்டியவுடன் நடுதல் கூடாது. ஈரமான வெட்டுவாய் மண்ணிற் பட்டால் அழுகும். ஐந்து முதல் ஏழு நாள் நிழலில் காற்றாட வைத்தால் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். பிறகு மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த பையில், இரண்டு விரற்கடை ஆழத்தில் அடிப்புறத்தை ஊன்றுக. மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. மூன்று நான்கு வாரங்களில் வேர் விடும். வேர் நன்கு பிடித்து, புதுத் தளிர் ஓடத் தொடங்கியபின் தூணடியில் நடலாம்.

நட்டபின் செய்ய வேண்டியவை சிலவே. ஆனால் தவறாது செய்ய வேண்டியவை. தூணின் உச்சியை எட்டும்வரை ஒரு தண்டை மட்டும் வளரவிட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுக. உச்சியை எட்டியதும் நுனியைக் கிள்ளினால், பல கிளைகள் பிரிந்து குடைபோல் வளையத்தின்மேல் தொங்கும். பூப்பது அத்தொங்கும் கிளைகளில்தான். வேர் மேல்மண்ணிலேயே பரவுவதால் ஆழக் கொத்தலாகாது. நீர் தேங்கவும் விடலாகாது. கள்ளியாயிற்றே, எவ்வெயிலும் தாங்கும் என்பதும் தவறு. காட்டில் இது மரநிழலில் பற்றி ஏறும் கொடி. ஆகவே சித்திரை வைகாசி வெயிலில் தண்டு மஞ்சளித்து வெந்துபோவதுண்டு. அம்மாதங்களில், இளங்கொடிகளுக்கேனும் சிறிது நிழல் அமைத்தல் வேண்டும்.

இனிப் பூவைப் பற்றி ஒரு சொல். ஓரடி நீளமுள்ள வெண்ணிறப் பூ, இரவில் விரிந்து மறுநாட் காலையில் கூம்பிவிடும். அதன் வாழ்வு ஓர் இரவே. தாயகத்தில் அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. நம் தோட்டங்களில் விடியற்காலையில் தேனீக்கள் வருகின்றன. ஆயினும் அவற்றையே நம்பியிருத்தல் இயலாது. துணை வகை வேண்டும் கொடியாயின், ஒரு வகையின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு, மற்றொரு வகைப் பூவின் சூல்முடியில் தடவுவது வழக்கம். இவ்வேலையைச் செய்யும் வீடுகளில் கணவனும் மனைவியும் கைவிளக்கோடு இரவில் தோட்டம் சுற்றுகின்றனர். அவ்வாறு தடவிய பூ, ஏறத்தாழ முப்பது நாட்களில் பழமாகும். மாம்பழம்போல் இது பறித்தபின் வைக்கோலில் பழுத்து இனிப்பதில்லை. கொடியிலேயே நிறம் முதிர்ந்தபின் பறிக்க வேண்டும்.

நீண்ட பகலும் குறுகிய இரவும் உள்ள பருவமே இது பூக்கும் காலம். வியட்நாமின் தென்கடற்கரையில், முன்னர் பின் துவான் என்று பெயர் பெற்றிருந்து 2025-இல் லாம் டோங் மாகாணத்தோடு இணைக்கப்பட்ட பகுதியில், இரவெல்லாம் தோட்டங்களில் மின்விளக்கேற்றி, பருவமல்லாப் பருவத்திலும் பூக்கச் செய்கின்றனர். நம் குடியானவர் முதலில் அறிய வேண்டியது அவ்வித்தையன்று, அடிப்படையே.

கடன்பட்டு ஓர் ஏக்கர் நட எண்ணுவோருக்கு ஒரு யோசனை சொல்கிறேன். முதலாண்டில் இரண்டே தூண்கள் நடுங்கள். ஒன்றில் ஒரு வகை, மற்றொன்றில் வேறு வகை. அவை உங்கள் மண்ணில், உங்கள் வெயிலில், உங்கள் நீரில் பூத்துக் காய்க்கட்டும். பழத்தை வீட்டிலுள்ளோரும் உண்ணட்டும். சந்தையில் விலையும் கேட்டறியுங்கள். காய்த்த கொடியைக் கவாத்துச் செய்யும்போது கழியும் தண்டுகளே அடுத்த தூண்களுக்கு வேண்டிய துண்டுகளாகும். விலை கொடுத்து வாங்கிய கொடியின் குலம் பிறர் சொல்லக் கேட்டது. நம் கண்முன் காய்த்த கொடியின் குலமோ நாமே கண்டது. இரண்டு ஆண்டு தாமதமாகும் என்பீர்கள். ஆம், ஆகும். ஆனால் 435 தூண்களை நாட்டிவிட்டுப் பின்னர் அறியும் உண்மையை, இரண்டு தூண்களிலேயே அறிந்துகொள்வது எவ்வளவு மலிவு என்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் இச்செடி உகந்தது. ஒரு பழத்தின் விதைகளைக் கழுவி மணற்சட்டியில் தூவினால் சின்னாட்களில் முளைக்கும். முதலில் இரு சிறு வித்திலைகள். அவற்றின் நடுவே முள் அரும்பிய சிறு கள்ளி. பக்கத்துச் சட்டியில் ஒரு தண்டுத் துண்டையும் ஊன்றி வைத்தால், விதையால் வரும் பிறப்பு வேறு, தண்டால் வரும் தொடர்ச்சி வேறு என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பர். இவ்வேறுபாட்டைப் பிள்ளைப் பருவத்தில் உணர்ந்தவர், நாளை தாம் நிலத்தில் நடும் எதனையும் தாயறியாது நடமாட்டார்.